மேட்டில் கால் நின்றுபோகிறதா? எடைக்கும் வலுவுக்கும் ஏற்ற சைக்கிள் கியரைக் கண்டுபிடிக்கும் வழி

ஏற்றத்தில் ஒருவருக்குப் பின்னால் ஓட்டிப்போகும்போது நான் அவருடைய காலைவிட வலது கைக் கட்டைவிரலைத்தான் அதிகம் கவனிப்பேன். செயின் ஏற்கெனவே பின்னால் இருக்கிற மிகப் பெரிய பல்சக்கரத்தில் கிடக்கும், அதற்கு மேல் ஏற இடமே இருக்காது, ஆனாலும் அந்த விரல் லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கும், இன்னும் ஒன்று மிச்சம் இருக்காதா என்று. அவருக்கு உண்மையிலேயே இன்னும் ஒரு கியர் தேவைப்படுகிறது. ஆனால் பலரும் அவரிடம் சொல்வது "நல்லா பயிற்சி எடுங்க, சரியாயிடும்" என்பதுதான். பயிற்சி நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளோடு வந்த கியர் அவருடைய எடையையோ கால் வலுவையோ பார்த்துப் போட்டதல்ல என்பதை யாராவது முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எடையும் வலுவும் கியரை ஒரே இடத்தில் தொடுவதில்லை. சமதளத்தில் நீங்கள் எதிர்த்துத் தள்ளுவது பெரும்பாலும் காற்றை, அங்கே உடல் எடைக்குப் பெரிய வேலை இல்லை, கால் வலுதான் பேசும். மேட்டிலோ உங்களையும் சைக்கிளையும் பையையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள், அதனால் அங்கே வலுவை எடையால் வகுத்தால் என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. ஆகவே 95 கிலோ எடையுள்ள வலுவான ஒருவர் சமதளத்தில் கனமான கியரில் பறந்துவிட்டு, அடுத்த மேட்டில் ஒல்லியான நண்பரைவிட லேசான கியர் கேட்பதில் எந்த முரணும் இல்லை.

அப்புறம் பல்லை எண்ணுங்கள். முன்னால் செயின்ரிங்கில், அதாவது பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தில், எத்தனை பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை, சிறியதில் எத்தனை. பெரும்பாலும் எண் மேலேயே பொறித்திருக்கும், இல்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 1.21, அதாவது பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். சாலை சைக்கிள்களில் வழக்கமாக இருக்கும் 700சி அளவுச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர் நகர்வீர்கள். இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும், மேற்கொண்டு எல்லாம் இதிலிருந்தே வரும்.

கடைசி கியர் போட்டும் மேட்டில் மிதி சுற்ற மறுக்கிறது

நிறையப் பேர் இந்த ஒன்றுக்காகத்தான் கியரைப் பற்றித் தேடி வருகிறார்கள், அதனால் இதிலேயே கொஞ்சம் நின்று பேசுவோம்.

முதலில் குற்றம் கியர்மேல் தானா என்று பாருங்கள். சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் அது தடையில்லாமல் ஓட வேண்டும், பிரேக் கட்டை உரசினால் எந்தக் கியரும் கனமாகத்தான் தெரியும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் அப்படியே, எடை கூடியவருக்கு அதே டயரில் கூடுதல் காற்று தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்து, செயின் உண்மையிலேயே மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுகிறதா? டிரெய்லியரில், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகத்தில், உள்ள எல்லை ஸ்க்ரூ அதிகமாக முறுக்கப்பட்டிருந்தால் கடைசிச் சக்கரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். பல மாதமாக ஏழு கியர் சைக்கிளை ஆறு கியராக ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அரைச் சுற்று ஸ்க்ரூவில் தீர்ந்த விஷயம்.

இதெல்லாம் சரி என்றால், உங்களைத் தடுமாற வைக்கும் அதே மேட்டுக்குப் போங்கள். மிக லேசான கியரில், அரைமணி நேரம் தாங்கக்கூடிய முயற்சியோடு ஏறுங்கள், உயிரைக் கொடுத்து ஏற வேண்டாம். வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். அதுதான் நிமிடத்துக்கு உங்கள் மிதிச்சுற்று. நீண்ட ஏற்றத்தில் 60-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது, 70 கிடைத்தால் இன்னும் நல்லது. 45 வந்தது என்று வையுங்கள். இப்போதுள்ள விகிதத்தை 45-ஆல் பெருக்கி 60-ஆல் வகுங்கள். 1.21 இருந்தது 0.91 ஆகும். அதே மேடு, அதே வேகம், கால் மட்டும் 60 சுற்றும். 0.91-க்குப் பக்கத்தில் எது இருக்கிறது? முன்னால் 34-க்குப் பின்னால் 36 போட்டால் 0.94, முன்னால் 30-க்குப் பின்னால் 34 போட்டால் 0.88. இரண்டில் உங்கள் சைக்கிளில் எது பொருந்துமோ அதுதான் உங்களுக்கான கியர். எடை எவ்வளவு, வலு எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கத் தேவையே இல்லை, இந்த எண்ணிக்கைக்குள் இரண்டும் அடங்கிவிட்டது. மேட்டில் எண்ணிய எண்ணை நான் எந்தப் பட்டியலைவிடவும் நம்புவேன்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு இதோ. 90 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள், மொத்தம் 102. எட்டு விழுக்காடு சரிவு, அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரம். கால் தொடர்ந்து 150 வாட் தருகிறது என்றால் அவர் சுமார் மணிக்கு 6.3 கி.மீ. வேகத்தில் ஏறுவார். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று வேண்டுமானால் விகிதம் 0.83, அதாவது முன்னால் 30, பின்னால் 36. அதே சைக்கிளில், அதே 150 வாட்டில் 60 கிலோ ஆள் கிட்டத்தட்ட 9 கி.மீ. வேகத்தில் ஏறுவார், அவருக்கு 1.18 போதும், கிட்டத்தட்ட 34-க்கு 28. இரண்டு பேருக்கும் வலு ஒன்றுதான். ஒரே சைக்கிளை இருவருக்கும் கொடுத்தால் ஒருவர் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே ஏறுவார், இன்னொருவர் 41 சுற்றில் தொடை கல்லாக இறுகி, இறங்கித் தள்ளுவார். அவரைப் பார்த்து 'வலு இல்லை' என்று சொன்னால் அது பொய்.

41 சுற்றுக்கும் 60 சுற்றுக்கும் காலில் என்ன வித்தியாசம்? 170 மில்லிமீட்டர் நீளக் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டு) 150 வாட்டை 60 சுற்றில் கொடுத்தால் பெடல்மேல் சராசரியாக 14 கிலோ அழுத்தம், 40 சுற்றில் கொடுத்தால் 21 கிலோ. கால் கீழே இறங்கும் நேரத்தில் உச்சம் இன்னும் அதிகம். ஒரு மணி நேர ஏற்றத்தில் இதை ஆயிரக்கணக்கான தடவை செய்கிறோம், அந்த ஏழு கிலோ அப்போதுதான் தெரியும்.

லேசான கியர் போடக் கூச்சப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லியரை அனுமதித்ததே 1937-ல்தான். அதுவரை அந்த வீரர்கள் மேட்டடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு மாறிக்கொண்டு ஏறினார்கள். உலகத்திலேயே வலுவான கால்களுக்கும் மேட்டில் லேசான கியர் தேவைப்பட்டது.

பையில் சுமை ஏற்றிப் பயணம் போகிறவர்கள் அதை உடல் எடையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 15 கிலோ பையோடு போகிற 65 கிலோ ஆள், கியர் கணக்கில் 80 கிலோ ஆள். எண்ணிப் பார்க்கும் சோதனையையும் பையோடுதான் செய்ய வேண்டும்.

கால் நன்றாகச் சுற்றுகிறது, மூச்சுதான் முட்டுகிறது

இதற்குக் கியர் மாற்ற வேண்டாம். 75, 80 சுற்றில் மிதி ஓடுகிறது, ஆனால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் வேகம் உங்களுக்கு அதிகம், அவ்வளவுதான். அதே கியரில் மெதுவாகப் போங்கள். இன்னும் பெரிய கேசட் (பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுப்பு) வாங்கினாலும் முன்னால் போகிறவரைத் துரத்தினால் இதே கதைதான் நடக்கும்.

முழங்கால் வலி

பழி முதலில் கியர்மேல் விழும், ஆனால் சீட் உயரத்தை முதலில் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், அதிகம் உயர்ந்திருந்தால் பின்பக்கம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நிற்க வேண்டும், பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது லேசான மடிப்பு வரும். சீட் சரியாகி, முன்பக்க வலி மட்டும் மேடு ஏறிய மறுநாள் வருகிறது என்றால் மிதிச்சுற்றை எண்ணுங்கள், 50-க்குக் கீழே இருந்தால் குற்றவாளி கியர்தான். எடை கூடியவர்கள் எழுந்து நின்று உடல் பாரத்தைப் பெடலில் இறக்கி ஏறுவார்கள், சிறு மேட்டுக்கு அது நல்ல உத்தி, நீண்ட ஏற்றத்துக்கு ஆகாது. சில வாரம் லேசான கியரில் ஓட்டியும் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றுகிறது, பெரிய கியர் வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். முன்னால் 50, பின்னால் 11 என்றால் 90 சுற்றில் மணிக்கு 51 கி.மீ. வரும். முன்னால் 46 ஆக்கினாலும் 47 கி.மீ. அந்த வேகத்தை மிதித்தே பிடிக்கிறவர்கள் பந்தயக்காரர்கள். இறக்கத்தில் எடை கூடியவர் மிதிக்காமலே வேகமாக உருளுவார், அவருக்கு 50 பல் செயின்ரிங் தரும் பயன் சொற்பம். ஆனால் அந்த 50 பல் ரிங்கோடு ஜோடியாக வரும் 34 பல் சிறிய ரிங்குக்கு (50/34 என்பார்கள்) அவர் ஒவ்வொரு மேட்டிலும் விலை கொடுக்கிறார். 46/30 கிராங்க் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் பந்தயம் ஓட்டாத 80 கிலோவுக்கு மேற்பட்ட எவருக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

சமதளத்திலேயே, காற்றில்லாத நேரத்திலேயே, கடைசிக் கியரில் 100 சுற்றைத் தாண்டுகிறீர்கள் என்றால் அது வேறு. முன்னால் 38 பல் ஒற்றை ரிங், பின்னால் 14-ல் தொடங்கும் ஃப்ரீவீல் (சக்கரத்தில் திருகிப் பொருத்தும் பின் பல்சக்கரம்) என்று இருந்தால் 90 சுற்றில் 31 கி.மீ.யில் முடிந்துவிடும். வலுவான காலுக்கு அது போதாது, 11 அல்லது 12-ல் தொடங்கும் கேசட்டுக்குப் போகலாம்.

ஒரு கியர் கனம், அடுத்தது லேசு, நடுவில் ஒன்றுமில்லை

இது தாவல் பிரச்சினை. 14-28 ஏழு சக்கர ஃப்ரீவீல் 14, 16, 18, 20, 22, 24, 28 என்று ஒழுங்காக ஏறும். 14-34 வாங்கினால் 24 வரை அதே வரிசை, அங்கிருந்து ஒரே குதியில் 34. மேட்டுக்காக மட்டும் அந்த 34 வேண்டும் என்பவருக்கு, முக்கியமாக எடை கூடியவருக்கு, இது மிக நல்ல ஏற்பாடு, அந்தக் குதியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எடை குறைந்த, எப்போதும் ஒரே சீராக மிதிக்கிற ஒருவர் மிதமான சரிவில் 24-ல் திணறி 34-ல் காற்றில் சுற்றுவார், அவருக்கு 14-28-ஐ வைத்துக்கொண்டு முன்னால் ரிங்கைச் சிறிதாக்குவதே வழி. பல் குறைவாகத் தாவும் கேசட் சமதள ஓட்டத்துக்கு எவ்வளவு சுகம் என்பது எதிர்க்காற்றில் ஒரு நாள் ஓட்டினால் புரியும்.

மிக லேசான கியரில் சைக்கிள் தள்ளாடுகிறது, முன்சக்கரம் எழும்புகிறது

கியர் தேவைக்கு மேல் லேசாகிவிட்டது. முன்னால் 22, பின்னால் 34 என்றால் 60 சுற்றில் மணிக்கு 5 கி.மீ. கூட வராது, நடை வேகம்தான், சமநிலை பிடிப்பது கஷ்டம். முன்சக்கரம் எழும்பினால் சீட்டின் முன்பக்கம் நகர்ந்து உடலைத் தாழ்த்துங்கள், ஒரு கியர் கனமாக்குங்கள். கரடுமுரடான செங்குத்துப் பாதைக்கும் கனத்த சுமைக்கும் இந்த விகிதம் தேவைப்படும், தார்ச்சாலையில் சுமையில்லாமல் போகிறவருக்கு அபூர்வம்.

மேட்டில் அழுத்தும்போது செயின் நழுவுகிறது, அறுகிறது, அச்சு வளைகிறது

எடையும் வலுவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். செயினின் 12 அங்குல நீளத்தில் 24 கண்ணி இருக்க வேண்டும், ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து அளங்கள், 12 அங்குலத்தைத் தாண்டி பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, எட்டில் ஒரு அங்குலம் என்றால் கேசட்டும் தேய்ந்திருக்கும். புதுச் செயினைத் தேய்ந்த கேசட்டில் போட்டால் நழுவத்தான் செய்யும்.

செயின் அறுவது பெரும்பாலும் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதால். மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். மறந்துவிட்டால் ஒரு மிதியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டு வேகம் எடுத்து, அடுத்த அரைச் சுற்றில் காலைத் தளர்த்தி, அந்த இடைவெளியில் லீவரை அழுத்துங்கள். சத்தமே மாறிவிடும், 'கடக்' என்று இடித்தது 'டிக்' என்று ஏறும்.

பின் அச்சு அடிக்கடி வளைந்தாலோ முறிந்தாலோ உங்கள் சைக்கிளில் இருப்பது திருகிப் பொருத்தும் ஃப்ரீவீலா என்று பாருங்கள். அந்த அமைப்பில் வலதுபக்கக் கோன் (அச்சில் பேரிங்கைத் தாங்கும் கூம்பு), ஃப்ரீவீலுக்கு உள்ளே, சட்டத்திலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கும், அச்சின் நீண்ட பகுதி தாங்கலில்லாமல் பாரம் சுமக்கும். கேசட் பொருத்தும் ஃப்ரீஹப் என்ற இன்னொரு அமைப்பில் பேரிங் வெளிப்பக்கம், சட்டத்துக்கு அருகிலேயே இருக்கும். கனமான ஓட்டுநர் அச்சை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுவதைவிட ஃப்ரீஹப் உள்ள பின்சக்கரத்துக்கே மாறிவிடுவது மேல், கூடவே பெரிய கேசட்டுக்கும் வழி திறக்கும்.

குழந்தை மேட்டில் இறங்கிவிடுகிறது

பெரியவர்கள் இதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். 30 கிலோ குழந்தை 14 கிலோ சைக்கிளை ஓட்டுகிறது, உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி சைக்கிளே. 90 கிலோ ஆளுக்கு 42 கிலோ சைக்கிளைக் கொடுத்தது போல. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.5 மீட்டர்தான் என்பதால் கியர் தானாகவே கொஞ்சம் லேசாகும், ஆனாலும் முன்ரிங்கில் நாலு, ஆறு பல் குறைத்துப் பாருங்கள். அதைவிட முதலில் கேரியர், ஸ்டாண்டு, அலங்காரம் என்று தேவையில்லாததைக் கழற்றுங்கள்.

கியரே இல்லாத சைக்கிள்

முன்னால் 44, பின்னால் 18 இருந்தால் விகிதம் 2.44. பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் 2.0, மிதி சுமார் 18 விழுக்காடு லேசாகும். 700சி சக்கரத்தில் 75 சுற்றில் மணிக்கு 23 கி.மீ. போனது 19-க்கு இறங்கும், அந்த இழப்பு தினசரி ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம்.

பெரிய கேசட் போட்டாயிற்று, இப்போது சத்தம், உரசல், செயின் தொங்கல்

வாங்குமுன் பார்த்திருக்க வேண்டியவை, பரவாயில்லை, இப்போது பாருங்கள். பின்டிரெய்லியருக்கு இரண்டு எல்லைகள். அது தாங்கும் மிகப் பெரிய பல் எத்தனை என்பது ஒன்று, மொத்தம் எவ்வளவு தளர்ச்சியை இழுத்துப் பிடிக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கணக்கிட முன்னால் இரு ரிங்குக்கும் உள்ள வித்தியாசத்தோடு பின்னால் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள். முன்னால் 50/34, பின்னால் 11-34 என்றால் 16-ம் 23-ம் சேர்ந்து 39. டிரெய்லியரின் விவரத்தாளில் உள்ள எண் இதைவிடக் குறைவாக இருந்தால் சிறிய ரிங், சிறிய பல்லில் செயின் தொங்கும், அதற்கு நீண்ட கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) உள்ள டிரெய்லியர் தேவை.

டிரெய்லியரின் மேல் சிறுசக்கரம் பெரிய பல்லில் உரசி 'கரகர' என்றால் டிரெய்லியரின் பின்புறம், சட்டத்தில் முட்டி நிற்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை உள்ளே முறுக்குங்கள், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பெடலைச் சுற்றிப் பார்த்து, இடைவெளி வரும்வரை.

முன்ரிங்கைச் சிறிதாக்க நினைத்தால் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் அனுமதிக்க வேண்டும். அந்த விட்டம் 130 மில்லிமீட்டர் உள்ள கிராங்கில் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது, 110-ல் நடைமுறையில் 34 வரை. அதற்கும் கீழே வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும்.

கடைசியாகச் செயின் நீளம், இதில் மட்டும் அசட்டை வேண்டாம். பழைய செயினையே புதுப் பெரிய கேசட்டில் விட்டுவிட்டு, ஓட்டும்போது தவறுதலாகப் பெரிய ரிங், பெரிய பல் இரண்டும் சேர்ந்தால் செயின் இறுகி டிரெய்லியரையே பிய்த்துவிடும், ஓடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது நீங்கள். டிரெய்லியருக்குள் நுழைக்காமல் செயினைப் பெரிய ரிங்கிலும் பெரிய பல்லிலும் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூட்டி வெட்டுங்கள். மாட்டிய பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றியபடி அந்தப் பெரிய-பெரிய சேர்க்கைக்கு மெதுவாக மாற்றிப் பாருங்கள். டிரெய்லியரின் கூண்டில் கொஞ்சமாவது மடிப்பு மிச்சம் இருந்தால் மேட்டுக்குக் கிளம்பலாம், போய் மறுபடி அந்த 15 நொடி எண்ணிப் பாருங்கள்.